வீட்டுக்கு மேலே, மனைக்கு நடுவே மின்கம்பி போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீடு கட்டியவர், கட்டப் போகிறவர், மனை வாங்கிப் போட்டிருப்பவர் எல்லோரும் என்றாவது ஒருநாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் இவை. சிலருக்குத் தொல்லை, மொட்டை மாடிக்குக் கை எட்டும் தூரத்தில் தொங்கும் தெருக்கம்பி. சிலருக்கு, நிலத்தை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகும் உயர்மின் கோபுர வரிசை. இரண்டுக்கும் விதிகள் வேறு, போய் நிற்க வேண்டிய வாசலும் வேறு. ஆனால் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: எது முதலில் வந்தது, கம்பியா, கட்டடமா? கீழே உள்ள பதில்களில் பாதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது.

கம்பி போகிற இடம் இனி யாருடையது? பட்டா மாறிவிடுமா?

மாறாது. இடம் உங்களுடையதுதான். மேலே கம்பி இழுத்தாலும் சரி, நடுவில் கோபுரமே நட்டாலும் சரி, மின் நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. கோபுரக் கம்பிகள் இன்றும் அந்தப் பழைய சட்டத்தின் பலத்தில்தான் இழுக்கப்படுகின்றன. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்கினாலும், மின்தொடர் பாதைகளுக்காக அதன் மூன்றாம் பாகத்தை மட்டும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறது.

விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கம்பிக்கு அடியில் நிலக்கடலையோ காய்கறியோ போடலாம். கட்டடம் கட்டுவதற்கும் உயர்ந்து வளரும் மரம் நடுவதற்கும்தான் தடை. காகிதத்தில் ஒன்றும் போகவில்லை என்றாலும், வீட்டு மனை என்ற வகையில் அந்த இடத்தின் மதிப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. இழப்பீட்டுப் பேச்சு எல்லாம் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

என்னைக் கேட்காமலே கம்பி இழுக்க முடியுமா?

எந்த வழியில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மின்சாரச் சட்டம் 2003இன் 67ஆவது பிரிவும், அதன் கீழ் வந்த உரிமதாரர் பணிகள் விதிகள் 2006ம். இதன்படி உங்கள் நிலத்திலோ கட்டடத்திலோ வேலை செய்ய முன்கூட்டியே உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் மறுத்தால், மாவட்ட ஆட்சியரிடமோ காவல் ஆணையரிடமோ அரசு அதிகாரம் கொடுத்த வேறு அதிகாரியிடமோ எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றுத்தான் உள்ளே வர வேண்டும். அனுமதி கொடுக்கிற அதிகாரி உங்களுக்கு இழப்பீடோ ஆண்டு வாடகையோ எவ்வளவு என்று நிர்ணயிக்கவும் வேண்டும்.

இரண்டாவது வழி, அதே சட்டத்தின் 164ஆவது பிரிவு. இதன் கீழ் தந்தி அதிகாரியின் அதிகாரங்களை அரசு ஒரு மின் நிறுவனத்துக்கு வழங்கலாம். அப்படி வழங்கப்பட்டிருந்தால் உங்கள் சம்மதம் தேவையே இல்லை. மத்திய அரசின் மின்தொடர் நிறுவனமான பவர் கிரிட்டுக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. பெரிய கோபுரப் பாதைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

ஆகவே வருகிற பொறியாளரிடம் சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பிரிவின் கீழ் வருகிறீர்கள், அரசாணை நகல் இருக்கிறதா?" வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். மின்சாரச் சட்டத்தின் 68ஆவது பிரிவின்படி அரசு கொடுத்த ஒப்புதல், 164ஆவது பிரிவு அறிவிக்கை, பாதையின் வரைபடம், இந்த மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தாள்கள் கைக்கு வந்தபின் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஆட்கள் வந்து குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

குழிக்குள் இறங்கி உட்காராதீர்கள். கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் தந்திச் சட்டத்தின் 16ஆவது பிரிவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நீங்கள் எதிர்த்தால் அவர்கள் ஆட்சியரிடம் போவார்கள். ஆட்சியர் அனுமதித்து உத்தரவு போட்டபின் தடுத்தால் அது குற்றம். உத்தரவு வருவதற்கு முன் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிப்பது குற்றமல்ல. உங்களுக்கு வலு இருப்பது அந்த இடைவெளியில்தான்.

அன்றைக்கே செய்ய வேண்டியது: நிலத்தையும் பயிரையும் மரங்களையும் வேலியையும் கிணற்றையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மரங்களை எண்ணி, வயதோடு ஒரு தாளில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) நகல் வாங்குங்கள், பயிர் இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு ஆட்சேப மனுவை மின் நிறுவனத்தின் செயற்பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

மனுவில் "என் நிலத்தில் போடக் கூடாது" என்று மட்டும் எழுதினால் அது உணர்ச்சியாகத்தான் படிக்கப்படும். "இந்தக் கோபுரத்தை நாற்பது மீட்டர் கிழக்கே, வரப்போரம் நகர்த்தினால் என் வீடும் கிணறும் தப்பும்" என்று புல வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால் அது மாற்று யோசனை, அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இரு முனைக் கோபுரங்கள் நட்டு முடிந்தபின் நடுவில் இருப்பதை நகர்த்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சர்வே செய்ய வந்து சுண்ணாம்புத் தூளால் குறி போடும் நாளே உங்களுக்கு நல்ல நாள்.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்?

பயிர், மரம், வேலி, குழாய் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு உண்டு. அது சட்டத்திலேயே இருக்கிறது. மர மதிப்பைத் தோட்டக்கலைத் துறையோ வனத்துறையோ கணக்கிட்டுத் தரும்.

நிலத்தின் மதிப்பு குறைவதற்கான தொகை தனி. இதற்கு மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, 66 கே.வி. (கிலோ வோல்ட், அதாவது 66 ஆயிரம் வோல்ட்) முதல் மேலே உள்ள கோபுரப் பாதைகளுக்கு. 2015 அக்டோபரில் வந்த முதல் வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்கு அடியில் உள்ள வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024 ஜூனில் வந்தது அதை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 மார்ச்சில் வந்த கூடுதல் வழிகாட்டுதல், வழித்தடத்துக்குக் கிராமப் பகுதியில் 30, நகராட்சி போன்ற பகுதிகளில் 45, மாநகராட்சிப் பகுதிகளில் 60 சதவீதம் என்று பிரித்தது. இவை வழிகாட்டுதல்கள்தான். மாநில அரசு ஏற்று ஆணை போட்டால்தான் மாநிலப் பாதைகளுக்கு அப்படியே செல்லும். உங்கள் பாதைக்கு எந்த ஆணை பொருந்துகிறது என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 220 கே.வி. பாதைக்கு வழித்தட அகலம் வழக்கமாக 35 மீட்டர். உங்கள் நிலத்தை அது 20 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது என்றால் 700 சதுர மீட்டர், ஏறக்குறைய 17.3 சென்ட். சென்ட் ஒரு லட்சம் என்று வைத்தால், 30 சதவீதத்தில் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம். கோபுரமும் உங்கள் நிலத்திலேயே வந்தால், நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூட்ட வேண்டும். கால்கள் 10க்கு 10 மீட்டர் என்றால் 12க்கு 12, அதாவது 144 சதுர மீட்டர், மூன்றரைச் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. 200 சதவீதத்தில் அது சுமார் 7 லட்சம்.

இந்தக் கணக்கில் ஆட்டம் காண்கிற இடம் "சென்ட் ஒரு லட்சம்" என்பதுதான். அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று சொல்லும், ஊரில் கைமாறுகிற விலை வேறொன்று சொல்லும். சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். வாய் விலைக்கு அங்கே மரியாதை கிடையாது.

தெருவில் போகிற 11 கே.வி., 440 வோல்ட் கம்பிகளுக்கு இந்தச் சதவீதங்கள் பொருந்தாது. அங்கே மேலே சொன்ன 2006 விதிகளின்படி ஆட்சியர் நிர்ணயிப்பதுதான்.

கொடுத்த தொகை போதவில்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

"ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள். "முழுத் திருப்தியுடன்" என்று அச்சடித்த வரி இருந்தால் அதை அடித்துவிட்டுப் போடுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தந்திச் சட்டப்படி வந்த பாதை என்றால், தொகை போதாது என்ற வழக்கு மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும், 16(3) பிரிவின் கீழ். மின்சாரச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி வந்தது என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாசல் மாறிப் போனால் வருடங்கள் வீணாகும், அதனால்தான் முதலிலேயே எந்தப் பிரிவு என்று கேட்கச் சொன்னேன்.

மாவட்ட நீதிபதியிடம் போக மூன்று வருடம்தான் காலக்கெடு. கேரளத்தில் கம்பிக்காக மரம் வெட்டப்பட்ட குன்ஹாலியும்மா வழக்கில் 1976இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. "பேசிக்கொண்டிருக்கிறோம் சார், அடுத்த மாதம் உயர்த்தித் தருகிறோம்" என்ற பேச்சில் மூன்று வருடம் ஓடிப் போவது புதிதல்ல.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? 2007இல் கேரள மின்வாரியத்துக்கு எதிரான லிவிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லா நிலத்துக்கும் ஒரே சூத்திரம் போடக் கூடாது. நிலம் எங்கே இருக்கிறது, கம்பி அதன் எந்தப் பக்கமாகப் போகிறது, எவ்வளவு நீளத்துக்குப் போகிறது, மீதி இடத்தை வைத்து ஏதாவது செய்ய முடியுமா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஐந்து சென்ட் மனையின் ஓரத்தைத் தொட்டுப் போவதும் குறுக்கே வெட்டிப் போவதும் ஒன்றல்ல என்று வாதாட இந்தத் தீர்ப்பு உதவும்.

வீட்டுக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்லும் குறைந்தபட்ச அளவுகள் இவை.

வீடுகளுக்கு வரும் சாதாரண தாழ்வழுத்தக் கம்பி (650 வோல்ட் வரை): மாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர்.

11 கே.வி.: மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர்.

33 கே.வி.: மேலே 3.7, பக்கவாட்டில் 2 மீட்டர்.

அதற்கு மேல், கூடுதலாகும் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் போட்டால் 110 கே.வி.க்கு மேலே 4.6, பக்கத்தில் 2.9. 230 கே.வி.க்கு 5.5, 3.8. 400 கே.வி.க்கு 7.3, 5.6.

மேல் அளவைக் கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்திருக்கும் நிலையில் எடுக்க வேண்டும். பக்க அளவை, காற்றில் அதிகபட்சமாக ஆடி வரும் நிலையில். மார்கழிக் காலையில் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கம்பி சித்திரை மதியம் அப்படி இருக்காது. வெயிலிலும் மின்சுமையிலும் சூடேறிய உலோகம் நீண்டு தொங்கும். ஆகவே அளப்பதானால் வெயில் காலத்து மதியத்தில் அளந்ததைத்தான் மனுவில் எழுத வேண்டும்.

கம்பிக்கு அருகே ஒட்டடைக் குச்சி, அலுமினிய ஏணி, இரும்பு டேப் எதையும் கொண்டு போய் அளக்காதீர்கள். 11 கே.வி. கம்பியைத் தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே பாயும். கடைகளில் கிடைக்கும் லேசர் அளவுகோலைத் தரையிலிருந்தோ அறைக்குள்ளிருந்தோ பிடித்தால் போதும். இன்னும் நல்லது, மின் ஆய்வாளரை வந்து அளந்து அறிக்கை தரும்படி எழுத்தில் கேட்பது. அவர் மின்வாரியத்து ஆள் அல்ல, அரசின் மின் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். நிறையப் பேருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரிவதில்லை.

கம்பியை மாற்றச் சொன்னால் எஸ்டிமேட் போட்டு என்னையே பணம் கட்டச் சொல்கிறார்களே, அது சரியா?

இங்கேதான் எது முதலில் வந்தது என்பது வேலை செய்கிறது.

கம்பி முதலில், வீடு பிறகு என்றால் செலவு உங்களுடையது. அதில் பெரிதாகச் சண்டை போட இடமில்லை. ஆனால் எஸ்டிமேட்டைச் சும்மா வாங்கி மடித்துப் பையில் வைக்காதீர்கள். கழற்றி எடுக்கிற பழைய கம்பி, கம்பத்தின் தேய்மானம் போன மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். தொகையில் தகராறு என்றால் மின் ஆய்வாளரிடம் போகலாம்.

வீடு முதலில், கம்பி பிறகு என்றால் இடைவெளி விட்டுப் போட வேண்டியது அவர்கள் பொறுப்பு. இருக்கிற கட்டடத்தின் மேலே கம்பி போவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதும் விதிதான்.

கம்பி முதலில் வந்து, அப்போது சரியான உயரத்தில் இருந்து, இப்போது கம்பம் சாய்ந்தோ கம்பி தொய்ந்தோ தாழ்ந்துவிட்டது என்றால் அது பராமரிப்புக் குறை. அதைச் சரிசெய்ய உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

மனுவில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பது இங்கே முக்கியம். எங்கள் வீட்டு மாடியை ஒட்டி ஒரு கம்பம் சாய்ந்து, கம்பி துணிக்கொடி உயரத்துக்கு வந்துவிட்டது. அப்பா முதலில் எழுதிய மனு: "மேற்படி மின்கம்பியைத் தள்ளி அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு வாரத்தில் எஸ்டிமேட் வந்தது, நாற்பதாயிரத்துச் சொச்சம். அவர் கட்டவே தயாராகிவிட்டார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். மனு நகலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தள்ளிப் போடுன்னு எழுதினா ஷிஃப்டிங். ஷிஃப்டிங்னா காசு. கம்பம் சாஞ்சிருக்கு, இடைவெளி விதிப்படி இல்ல, ஆபத்து, சரி பண்ணுங்கன்னு எழுதுங்க" என்றார். இரண்டாவது மனு அப்படிப் போனது, மாடிச் சுவருக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் குறித்து, மின் ஆய்வாளருக்கு நகல் போட்டு. அடுத்த வாரம் வந்து கம்பத்தை நிமிர்த்தி, அது சாயாமல் பிடித்து நிறுத்தும் ஸ்டே கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். எஸ்டிமேட்டைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை.

கோபுரக் கம்பி போகும் நிலத்தில் வீடு கட்ட நினைக்கிறேன். மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தந்திச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, உங்கள் நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தப் போகிறீர்கள், அதற்குக் கம்பி இடைஞ்சல் என்றால், அதே நிலத்தில் வேறு பக்கமாகவோ வேறு உயரத்திலோ மாற்றும்படி கோரலாம். ஏற்கெனவே இழப்பீடு வாங்கியிருந்தால் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும்: மாற்றும் செலவு, அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் ஆட்சியரிடம் மனு. அவர் நிராகரிக்கலாம், நிபந்தனையோடு உத்தரவும் போடலாம்.

400 கே.வி. கோபுரத்தை ஒரு வீட்டுக்காக நகர்த்துவார்கள் என்று நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள். சிறிய பாதைகளில், கம்பத்தை உயர்த்துவது போன்ற வேலைக்கு இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

ஏற்கெனவே இருக்கும் வீட்டில் முதல் மாடி எழுப்ப வேண்டும். கம்பி அருகில் போகிறது.

தொடங்குவதற்கு முன் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் அளவுள்ள வரைபடத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு மட்டுமல்ல, வேலையை எடுத்த கட்டட ஒப்பந்தக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு. நடைமுறையில் இதை யாரும் செய்வதில்லை, கான்கிரீட் போடும் நாளில் கம்பிக்கு பிவிசி குழாயைச் சொருகிவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் மின்காப்பு அல்ல. கொத்தனார் தோளில் தூக்கி வரும் பன்னிரண்டு மீட்டர் முறுக்குக் கம்பி திரும்பும்போது எங்கே போய் இடிக்கும் என்று அவருக்கே தெரியாது. வேலை நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு சர்வீஸ் வயர் என் மாடிக்கு மேலே போகிறது. எடுக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். அது அவருக்கான இணைப்பு, உங்கள் வான்வெளி வழியாகப் போக உங்கள் சம்மதம் வேண்டும். ஆனால் இதில் முதல் மனு அலுவலகத்துக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கே போகட்டும். அவர் வீட்டு முகப்பில் ஒரு இரும்புக் குழாய் நட்டுத் தெருக் கம்பத்திலிருந்து நேராக எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிடிவாதம் பிடித்தால் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். அதுவரை 2.5 மீட்டர் உயரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தென்னை மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

மரம் முந்தியது, கம்பி பிந்தியது என்றால் இழப்பீடு உண்டு, மின்சாரச் சட்டம் 68(6). மரம் பிறகு வளர்ந்தது என்றால் அந்தப் பிரிவில் கிடைக்காது. கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்ட உத்தரவிட வேண்டியவர் நிர்வாக நடுவர், அதாவது வழக்கமாக வட்டாட்சியர் நிலையில் உள்ளவர். வழக்கமான கிளை கழிப்புக்கு யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை, அதைத் தடுப்பதில் உங்களுக்கும் லாபமில்லை. மட்டை கம்பியில் விழுந்தால் இருட்டில் உட்காரப் போவது உங்கள் தெருதான். மரத்தையே அடியோடு வெட்ட வந்தால் மட்டும் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நிமிர்ந்து பாருங்கள். வில்லங்கச் சான்றிதழில் மின்கம்பி வராது. பட்டாவில் வராது. கம்பி இழுப்பது பத்திரப் பதிவு இல்லாமலே நடக்கிற காரியம். தரகர் சாயங்காலம் கூட்டிப் போய் முகப்பை மட்டும் காட்டினால், மறுநாள் காலையில் தனியாகப் போய் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கோபுரங்கள் இருந்து, இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தால் உங்கள் மனை வருகிறதா? கம்பி இன்னும் போடப்படாமல் கோபுரம் மட்டும் நிற்கலாம்.

விற்பவர் ஏற்கெனவே இழப்பீடு வாங்கியிருக்கிறாரா என்று கேட்டு, கிரயப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் வாங்கிய காசுக்கு நீங்கள் மறுபடி கேட்க முடியாது.

கம்பி முப்பது வருடமாக இருக்கிறது. இப்போது ஆட்சேபிக்க முடியுமா?

போட்டது தவறு என்று இப்போது வழக்குப் போட்டால் நிற்காது. பாதுகாப்பு இடைவெளி இல்லை என்பதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்குக் காலாவதி கிடையாது. தக்க காரணம் காட்டினால் கம்பத்தையோ ஸ்டேயையோ அகற்றவோ மாற்றவோ ஆட்சியர் உத்தரவிடவும் 2006 விதிகளில் இடம் உண்டு.

பூமிக்கடியில் கேபிளாகப் புதைக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் விவசாயிகள் இதைத்தான் கேட்டுப் பல மாதங்கள் போராடினார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் பாதை கோபுரங்களில் வந்தது. அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கே.வி. பாதையில் ஒரு பகுதி கேரளத்துக்குள் சாலையோரமாகப் பூமிக்கடியில் போகிறது. "அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?" என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான் என்பது என் கருத்து. செலவு அதிகம், 800 கே.வி.க்குக் கேபிள் சரிவராது என்பது மறுபக்கத்தின் பதில். தெருவில் போகும் 11 கே.வி., தாழ்வழுத்தக் கம்பிகளைக் கேபிளாக்குவதில் இந்தத் தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. தெருவே சேர்ந்து கேட்டால் கவனிப்பு கிடைக்கும்.

கம்பிக்கு அடியில் குடியிருந்தால் புற்றுநோய் வருமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்த வகைக் காந்தப்புலத்தை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை என்பதுதான் அதன் பொருள். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. வீடுகளில் அளந்தால் வழக்கமாக அதில் மிகச் சிறு பகுதிதான் வரும். இதை மட்டும் சொல்லி வழக்குப் போட்டால் எடுபடாது.

உண்மையான தொந்தரவு வேறு. 400 கே.வி.க்கு அடியில் உள்ள தகரக் கூரையையோ முள்கம்பி வேலியையோ தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அது தூண்டல் மின்சாரம். வேலியையும் கூரையையும் எர்த் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பி அறுந்து விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால்?

முதலில், கிட்டே போகாதீர்கள், பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குச்சியால் தள்ளிவிடுகிறேன் என்று யாரும் வீரம் காட்ட வேண்டாம், மழை ஈரத்தில் குச்சியும் கம்பிதான். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சைக்கிளில் போன ஒருவர் சாலையில் அறுந்து கிடந்த கம்பியில் மாட்டி இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் வந்த வினை என்று மின்வாரியம் வாதாடியது. 2002இல் ஷைல் குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர், தன் அலட்சியம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. ஆகவே முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் விடாமல் வாங்குங்கள். நீங்கள் முன்பே "கம்பி தொய்ந்திருக்கிறது" என்று கொடுத்த மனுவின் ஒப்புகை இருந்தால் அது நான்காவது, மற்ற மூன்றையும்விடக் கனமானது.

லைன்மேன் கேட்காமல் வளாகத்துக்குள் வரலாமா?

பராமரிப்புக்கு வரலாம், நியாயமான நேரத்தில், வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, மின்சாரச் சட்டம் 163. நடுராத்திரி மழையில் ஃபியூஸ் போட வருகிறவரிடம் மட்டும் இந்தப் பிரிவைக் காட்டாதீர்கள், டார்ச் பிடியுங்கள்.